முதல் நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்: வைத்தியர் வேர்ஜீனியா அப்கார்

பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தகப்பனுக்கு வேறெந்தச் சத்தமும் காதில் ஏறாது. பிள்ளையின் முதல் அழுகை ஒன்றுக்காகவே அவன் காத்திருப்பான். அது அரை நிமிடம் பிந்தினாலும் அவனுக்கு அது ஒரு யுகம். உள்ளே அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

இன்று உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிள்ளை வெளியே வந்ததும் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூச்சு, இதயத் துடிப்பு, உடலின் அசைவு என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கிறார். ஒரு நிமிடம் முடிந்ததும் ஓர் எண், ஐந்து நிமிடம் முடிந்ததும் இன்னோர் எண் குறிக்கப்படுகிறது. அப்கார் புள்ளி என்று அதற்குப் பெயர். மகப்பேற்று விடுதியில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை உச்சரிக்கப்படும் அந்தச் சொல் ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் என்பது அதை உச்சரிப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிய பெயர் என்று நினைப்பவர்களே அதிகம். அவர்கள் அப்படி நினைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

1930களிலிருந்து 1950 வரையான காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் சிசு மரணம் பெருமளவு குறைந்து வந்தது. சுத்தமான பால், தடுப்பூசி, நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் என்று பல காரணங்கள். ஆனால் பிறந்து முதல் 24 மணித்தியாலத்துக்குள் இறக்கும் பிள்ளைகளின் தொகை மட்டும் குறையாமல் அப்படியே நின்றது. அந்தப் பிள்ளைகளில் பலர் மூச்செடுக்கத் தவறியவர்கள். பிரசவ அறையில் இருந்த அத்தனை கண்களும் தாயின் மேல் இருந்தன. இரத்தப்போக்கு நிற்கிறதா, தையல் போட வேண்டுமா, மயக்கம் தெளிகிறதா என்பதே கவலை. நீலம் பாரித்து, சோர்ந்து, அழாமல் கிடந்த பிள்ளையை ஒரு தாதி ஓரமாகக் கொண்டுபோய் வைப்பார். அதன் முதுகில் தட்டுவார்கள், சுடுநீரிலும் குளிர்நீரிலும் மாறி மாறி முக்குவார்கள், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள். மூச்சு வந்தால் பிழைத்தது. வராவிட்டால் செத்துப் பிறந்த பிள்ளை என்று எழுதி முடித்துவிடுவதும் நடந்தது. அதன் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்ததா என்று பார்ப்பது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை.

அந்தப் பொறுப்பை உருவாக்கியவர்தான் வேர்ஜீனியா அப்கார்.

1909 ஜூன் 7ஆம் திகதி நியூ ஜேர்சி மாநிலத்தின் வெஸ்ட்பீல்ட் என்ற ஊரில் அவர் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் கடைசி. மூத்த சகோதரர் ஒருவர் சிறுவயதிலேயே காசநோயால் இறந்துபோனார். மற்றவர் நீண்டகால நோயாளி. நோயும் மருந்தும் அந்த வீட்டுக்குப் புதியவையல்ல. தந்தை சார்ள்ஸ் அப்கார் காப்புறுதித் துறையில் வேலை செய்தவர். ஆனால் வீட்டில் வானொலிக் கருவியும் தொலைநோக்கியும்தான் அவருடைய உலகம். முதலாம் உலகப்போர் நடந்த 1915ஆம் ஆண்டில், லோங் ஐலண்டில் இருந்த ஜேர்மன் வானொலி நிலையம் அனுப்பிய சமிக்ஞைகளைத் தன் வீட்டிலிருந்தே மெழுகு உருளைகளில் பதிவுசெய்து அரசாங்கத்திடம் கொடுத்தவர் அவர். எதையும் காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, உடனே குறித்துவைக்கும் பழக்கம் மகளுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடத் தேவையில்லை.

மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தார். வீட்டில் பணம் போதாது. நூலகத்திலும் உணவகத்திலும் வேலை செய்தார். ஆய்வுகூடத்துக்குப் பூனை பிடித்துக் கொடுக்கும் வேலையும் அவற்றில் ஒன்று. 1929இல் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 90 பேர் கொண்ட வகுப்பில் பெண்கள் ஒன்பது பேர். சேர்ந்த சில வாரங்களில் பங்குச்சந்தை சரிந்து பொருளாதார மந்தம் ஆரம்பித்தது. கடன் வாங்கிப் படித்து, 1933இல் வகுப்பில் நான்காம் இடத்தில் தேறினார்.

அவருக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் ஆக வேண்டும் என்றுதான் ஆசை. அதற்கான பயிற்சியும் கிடைத்தது, திறமையும் இருந்தது. ஆனால் சத்திரசிகிச்சைப் பிரிவின் தலைவர் அலன் விப்பிள் அவரை அழைத்து அந்தப் பாதையை விட்டுவிடச் சொன்னார். தான் பயிற்றுவித்த பெண்கள் அந்தத் தொழிலில் நிலைக்க முடியாமல் போனதை அவர் கண்டிருந்தார். மந்தகாலத்தில் ஆண்களுக்கே நோயாளர் கிடைக்காத நிலை. மயக்க மருந்துத் துறைக்குப் போகும்படி ஆலோசனை சொன்னார். அந்தக் காலத்தில் அது ஒரு தனித் துறையாகவே மதிக்கப்படவில்லை. பெரும்பாலும் தாதிகள் செய்த வேலை அது. மயக்கம் கொடுப்பது முன்னேறாமல் சத்திரசிகிச்சை முன்னேற முடியாது, இந்தப் பெண்ணால் அதைச் செய்ய முடியும் என்று விப்பிள் கணித்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய கணிப்பு சரியாகத்தான் இருந்தது. அதற்காக அன்று ஒரு பெண்ணுக்குக் கதவு சாத்தப்பட்டது நியாயமாகிவிடாது.

1937இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் மெடிசன் நகருக்குப் போய் ரால்ப் வோட்டர்ஸ் என்பவரிடம் பயின்றார். மயக்க மருந்தியலை ஒரு விஞ்ஞானமாகக் கற்பித்த முன்னோடி அவர். பெண் பயிலுநருக்கு அங்கே தங்குமிடம் கிடையாது. ஆறு மாதத்தில் மூன்று இடம் மாறினார். அடுத்து நியூயோர்க் பெல்வியூ வைத்தியசாலையில் பயின்றபோது பணிப்பெண்களின் விடுதியில் தங்கவைக்கப்பட்டார். 1938இல் கொலம்பியாவுக்குத் திரும்பி மயக்க மருந்துப் பிரிவின் பொறுப்பாளரானார். பெயர்தான் பொறுப்பாளர், ஆரம்பத்தில் அவருக்குக் கீழே வைத்தியர் எவரும் இருக்கவில்லை. பதினொரு வருடம் அந்தப் பிரிவைக் கட்டியெழுப்பினார். 1949இல் அது தனித் துறையாக உயர்ந்தபோது தலைமைப் பதவி இன்னொருவருக்கு, ஓர் ஆணுக்குப் போனது. அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்த மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதல் பெண் அவர்தான்.

நிர்வாகச் சுமை தோளிலிருந்து இறங்கியது. அவர் பிரசவ அறைக்குப் போனார். மயக்க மருந்து வைத்தியர் நிற்பது தாயின் தலைமாட்டில். மகப்பேற்று வைத்தியர் தன் வேலையில் மூழ்கியிருப்பார். அவருக்கோ பிள்ளையைப் பார்க்கும் நேரம் இருந்தது. தான் தாய்க்குக் கொடுக்கும் மருந்து பிள்ளையை என்ன செய்கிறது என்ற கேள்வியும் இருந்தது. சத்திரசிகிச்சை அறையில் நோயாளியின் நாடி, மூச்சு, நிறம், தசையின் தளர்ச்சி, உடலின் பிரதிபலிப்பு எல்லாவற்றையும் நிமிடத்துக்கு நிமிடம் கவனிப்பது அவருடைய தொழில். அதே கண்ணால் அவர் பிள்ளையைப் பார்த்தார். ஒரு சத்திரசிகிச்சை நிபுணராகியிருந்தால் அந்த இடத்தில் அவர் நின்றிருக்கவே மாட்டார்.

1952இல் ஒரு நாள் காலை, வைத்தியசாலை உணவகத்தில் ஒரு மாணவர் அவரிடம், பிறந்த பிள்ளையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டதாகவும், அது இலகுவானது என்று சொல்லி, மேசையில் கிடந்த ஒரு சிறிய அட்டையை எடுத்து ஐந்து விடயங்களை எழுதிவிட்டு, அதைச் சோதித்துப் பார்க்க உடனே பிரசவ அறைக்கு ஓடியதாகவும் சொல்வார்கள். கதை கொஞ்சம் அழகுபடுத்தப்பட்டிருக்கலாம். ஆனால் அட்டையில் எழுதியது ஒரு காலைச் சாப்பாட்டு நேரத்தில் பிறந்ததல்ல, பல வருடக் கவனிப்பு அதன் பின்னால் இருந்தது.

அதுவரை வைத்தியர்கள் குறித்துவைத்தது, முதல் மூச்சு வர எத்தனை விநாடி எடுத்தது, முதல் அழுகை எப்போது வந்தது என்பதைத்தான். ஒரு தடவை மூச்செடுத்துவிட்டு மறுபடி நிறுத்திவிடும் பிள்ளையை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது? அப்கார் ஐந்து அடையாளங்களை எடுத்துக்கொண்டார். இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடித்தால் இரண்டு புள்ளி, அதற்குக் குறைந்தால் ஒன்று, துடிப்பே இல்லாவிட்டால் பூச்சியம். பலமாக அழுது மூச்செடுத்தால் இரண்டு, ஒழுங்கற்று மெதுவாக எடுத்தால் ஒன்று, எடுக்கவே இல்லையென்றால் பூச்சியம். மூக்கில் சிறு குழாயை வைத்தாலோ உள்ளங்காலைத் தட்டினாலோ பிள்ளை எப்படிப் பிரதிபலிக்கிறது, கை கால்கள் மடங்கி அசைகின்றனவா அல்லது துணிபோல் தொங்குகின்றனவா, உடலின் நிறம் என்ன என்று மற்ற மூன்றுக்கும் இதே கணக்கு. மொத்தம் பத்து. எந்தக் கருவியும் தேவையில்லை, செலவும் இல்லை. பிறந்து 60 விநாடியில் கணக்கெடுக்க வேண்டும், ஏனெனில் பிள்ளையின் நிலை மிகத் தாழ்ந்திருப்பது அந்த நேரத்தில்தான் என்று அவர் கண்டிருந்தார். பிரசவம் பார்த்தவரே புள்ளி போடக்கூடாது என்பதும் அவர் வலியுறுத்திய விடயம். தன் கையால் பிறந்த பிள்ளைக்குக் குறைத்துப் போட யாருக்கும் மனம் வராது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1953இல் அந்தக் கட்டுரை வெளியானது. அவர் புள்ளியிட்ட 1,021 பிள்ளைகளின் விபரம் அதில் இருந்தது. பூச்சியம் முதல் இரண்டு வரை பெற்றவர்களில் 14 வீதமானோர் இறந்திருந்தார்கள். எட்டு முதல் பத்து வரை பெற்றவர்களில் இறந்தவர்கள் 0.13 வீதம். பிரசவ அறையில் ஒரு நிமிடத்தில், வெறும் கண்ணாலும் காதாலும் விரலாலும் எடுத்த கணக்கு அது.

அதைவிடப் பெரிய மாற்றம் எண்ணில் இல்லை. ஓர் எண்ணை எழுத வேண்டும் என்றானதும், ஒருவர் கட்டாயமாகப் பிள்ளையைப் பார்க்க வேண்டியதாயிற்று. மூன்று என்று எழுதிவிட்டுச் சும்மா நிற்க முடியாது. ஓரத்தில் விடப்பட்டிருந்த பிள்ளைக்கு ஒட்சிசன் கொடுக்க வேண்டும், சளியை உறிஞ்ச வேண்டும், தேவையானால் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்திக் காற்று ஊத வேண்டும். ஊதிய பிறகு எண் ஏறியதா என்று பார்க்க வைத்தியர்கள் ஐந்தாம் நிமிடத்திலும் புள்ளி எடுக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது எண் அப்படித்தான் வந்தது.

அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு மூச்சு வரவைப்பதாகச் சொல்லிக்கொண்ட கருவிகளும் புழக்கத்துக்கு வந்திருந்தன. டெக்சாஸ் மாநிலத்தில் அலன் புளொக்சம் என்ற வைத்தியர் உருவாக்கிய உருக்கு அறை அவற்றில் பிரபலமானது. பிள்ளையை உள்ளே வைத்து மூடி, ஒட்சிசனை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்குவார்கள். பல வைத்தியசாலைகள் அதை வாங்கின. அப்கார், யோசப் கிரைசல்மன் என்பவருடன் சேர்ந்து அதை ஆய்வுகூடத்தில் விலங்குகளை வைத்துச் சோதித்தார். தானாக மூச்செடுக்காத உடலின் நெஞ்சுக்குள் அந்தப் பெட்டி காற்றைக் கொண்டுபோகவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளியது: உடல் முழுவதையும் ஒரே அழுத்தம் சூழ்ந்திருக்கும்போது நெஞ்சை விரிப்பது எது? அந்த முடிவை 1953இலேயே அவர்கள் வெளியிட்டார்கள். விலை கூடிய இயந்திரம் என்பதற்காக அதை நம்பிவிடவில்லை.

தன் கையில் இருந்த மருந்தையும் அவர் அதே கண்ணால்தான் பார்த்தார். என் மதிப்பில் அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய விடயம் இதுதான்.

நியூசிலாந்திலிருந்து வந்த சிறுவர் வைத்தியர் ஸ்டான்லி ஜேம்ஸ், சிறிதளவு இரத்தத்தைக் கொண்டே அதன் வாயுக்களை அளக்கும் முறையில் தேர்ந்த டங்கன் ஹொலடே ஆகிய இருவருடன் சேர்ந்து, தொப்புள்கொடியின் இரத்தத்தை அவர் ஆராய்ந்தார். பிறக்கும் பிள்ளையின் இரத்தத்தில் ஒட்சிசன் குறைவாக இருப்பது இயல்பு, அதனால் கெடுதல் இல்லை என்று அன்று நம்பினார்கள். அளந்து பார்த்தபோது வேறு சங்கதி தெரிந்தது. குறைந்த புள்ளி பெற்ற பிள்ளைகளின் இரத்தத்தில் அமிலத்தன்மை மிகுந்திருந்தது. மூச்சுத் திணறலின் தடயம் அது, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடக்கூடியதல்ல. பிள்ளையைச் சூடாக வைத்து உடனே நுரையீரலுக்குக் காற்றுக் கொடுத்தால் அது திருந்தியது.

இந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரியவந்தது. சைக்குளோபுரொப்பேன் என்ற மயக்க வாயு அப்காருக்கு மிகவும் பிடித்தமானது. விரைவாக வேலை செய்யும், இதமானது. வருடக்கணக்கில் அதையே அவர் பிரசவங்களில் கொடுத்து வந்தார். ஆனால் அந்த வாயுவைப் பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சோர்ந்து பிறந்தார்கள். அவர்களைச் சோரவைத்தது அவருடைய சொந்த மருந்து. கணக்கு முன்னே வந்ததும் அவர் தர்க்கம் பண்ணவில்லை. பிரசவத்தில் அந்த வாயுவைப் பாவிப்பதை நிறுத்தினார். தன் புகழைக் கட்டிய முறையிலேயே தவறு இருப்பதைத் தன் ஆய்வே காட்டும்போது, அதை ஒத்துக்கொள்ளும் வைத்தியர்கள் எத்தனை பேர்? வைத்தியர்களை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்.

பிற்பாடு 12 நிறுவனங்கள் சேர்ந்து 17,221 பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்த பெரும் ஆய்வொன்றில், பிள்ளை பிழைக்குமா என்பதை இந்தப் புள்ளி, குறிப்பாக ஐந்தாம் நிமிடப் புள்ளி, நன்றாகவே சுட்டியது. உலகமெங்கும் அது பரவியது. 1960களின் ஆரம்பத்தில் டென்வர் நகரின் வைத்தியர் யோசப் பட்டர்பீல்ட், மாணவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வதற்காக அப்கார் என்ற பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளுக்கும் ஐந்து அடையாளங்களைப் பொருத்திக் காட்டினார். அது அவருக்குப் பிடித்திருந்தது. பெயர் பரவியது, ஆனால் பெயருக்குரியவர் மறைந்தார்.

புள்ளியின் குறைகளை அவர் மூடிமறைக்கவில்லை. ஐந்தில் நிறம்தான் மிகத் திருப்தியற்றது என்று முதல் கட்டுரையிலேயே எழுதினார். எல்லாப் பிள்ளைகளும் சற்று நீலமாகவே பிறக்கின்றன. நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் உடல் முழுவதும் ரோஜா நிறமா என்று பார்ப்பது இன்னும் கடினம். அதனால்தான் உதட்டையும் நாக்கையும் பார்க்கிறார்கள். குறைமாதப் பிள்ளைக்கு எந்தத் தவறும் இல்லாமலே புள்ளி குறையும். மூச்செடுக்காத பிள்ளைக்கு ஒரு நிமிடக் கணக்கு முடியும்வரை காத்திருக்கவும் கூடாது. காற்றுக் கொடுக்கும் வேலை அதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும் என்பதே இன்றைய பயிற்சி. இன்னொன்று, நம் பெற்றோர் சிலர் பிள்ளையின் புள்ளி ஏழா ஒன்பதா என்று கேட்டு, அதை வைத்துப் படிப்பையும் புத்தியையும் கணிக்கப் பார்க்கிறார்கள். அது அதற்காக உருவாக்கப்பட்டதல்ல. அந்த நிமிடத்தில் இந்தப் பிள்ளைக்கு உதவி தேவையா என்ற ஒரே கேள்விக்கான பதில் அது.

1959இல், ஐம்பது வயதில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். பிரசவ அறையை விட்டு மார்ச் ஒஃப் டைம்ஸ் என்ற அமைப்பில் சேர்ந்தார். இளம்பிள்ளை வாதத்துக்கு எதிராகத் தொடங்கிய அமைப்பு அது. தடுப்பூசி வந்த பின் பிறவிக் குறைபாடுகளின் பக்கம் திரும்பியிருந்தது. 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் பரவிய ருபெல்லா காய்ச்சல் சுமார் 20,000 பிள்ளைகளைப் பிறவிப் பாதிப்புகளுடன் விட்டுச் சென்றது. தடுப்பூசியை எல்லோருக்கும் கொண்டுசேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பிறவிக் குறைபாடு ஒரு குடும்பத்தின் வெட்கக்கேடாக மறைக்கப்பட்ட காலம் அது. 1972இல் யோன் பெக் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து பெற்றோருக்காக ஒரு நூலும் எழுதினார்.

அவர் கைப்பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி, மூச்சுக்குழாயில் செலுத்தும் ஒரு குழாய், தொண்டையைப் பார்க்கும் கருவி ஆகியவை இருக்கும். வீதியில் யாராவது மூச்சுத் திணறி விழுந்தால் தன் முன்னால் அவர் சாகக்கூடாது என்பது அவர் எண்ணம். திருமணம் செய்யவில்லை. ஐம்பது வயதுக்குப் பின் விமானம் ஓட்டப் பழகினார். சிறுவயதிலிருந்தே வயலின் வாசித்தவர், கார்லீன் ஹட்சின்ஸ் என்ற நோயாளியிடமிருந்து அந்த வாத்தியங்களைச் செய்யவும் கற்றுக்கொண்டார். வைத்தியசாலைத் தொலைபேசிக் கூண்டில் இருந்த ஒரு மேப்பிள் மரத்தட்டு வயோலாவுக்குப் பொருத்தமானது என்று இருவருக்கும் தோன்றியது. கேட்டால் கொடுக்க மாட்டார்கள். ஓர் இரவு, அதே நிறத்தில் வேறொரு பலகையைத் தயார்செய்து கொண்டுபோனார்கள். அப்கார் தன் வைத்தியர் உடையில் காவல் நிற்க, ஹட்சின்ஸ் அந்தத் தட்டைக் கழற்றி எடுத்தார். திருட்டுத்தான், வேறு பெயர் சொல்ல முடியாது.

ஈரல் நோயால் 1974 ஓகஸ்ட் 7ஆம் திகதி, தான் படித்துப் பணியாற்றிய அதே கொலம்பியா வைத்தியசாலையில் அவர் காலமானார். வயது 65. குறைமாதப் பிள்ளைகளின் சுருங்கும் நுரையீரலுக்கு அவருடைய புள்ளியால் மருந்து சொல்ல முடியவில்லை. 1963இல் ஜனாதிபதி கென்னடியின் குறைமாத மகன் அந்த நோயால் இரண்டு நாளுக்குள் இறந்தபோது உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. மெல்லிய தொடர் அழுத்தத்தில் காற்றுக் கொடுத்து நுரையீரலை விரிந்தபடியே வைத்திருக்கும் முறையை ஜோர்ஜ் கிரெகரி 1971இல் சன் பிரான்சிஸ்கோவிலிருந்து வெளியிட்டார். அப்கார் உயிரோடு இருக்கும்போதே அது வந்துவிட்டது.

1994இல் ஐக்கிய அமெரிக்கா அவர் முகம் பதித்த 20 சத முத்திரையை வெளியிட்டது. டலஸ் நகரில் சிறுவர் வைத்தியர்களின் மாநாட்டில் அது வெளியானபோது, நான்கு வைத்தியர்கள் மேடையேறி அவர் கையால் செய்த நான்கு வாத்தியங்களை வாசித்தார்கள். அவற்றில் தொலைபேசிக் கூண்டிலிருந்து வந்த மரத்தால் செய்த வயோலாவும் இருந்தது.